வேப்பங்கரிசல் ஓடைக் கோப்பு

பங்குனி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால் மணிக்கு, வேப்பங்கரிசல் தாலுகா ஆபீஸில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் முப்பிடாதி ஒரு கோப்பை ஓடையாகத் திறந்தபோது, பிளாப்பி போடுகிற அந்தச் சின்ன வாய் வழியாக நிஜமாகவே ஓடை வந்தது. நாலு விரல் அகலத்தில் கிளம்பி, மேஜையிலிருந்து இறங்கி, வாசப்படி தாண்டும்போது ஆள் படுக்கிற அகலத்துக்கு விரிந்து, கூழாங்கல்லும் அயிரைமீனுமாகச் சலசலவென்று வந்த தண்ணீரைப் பார்த்து ஒருத்தரும் அம்மாடி என்றுகூடச் சொல்லவில்லை, ஏனென்றால் அன்றைக்கு மாசக் கடைசி, ஆபீஸில் தலைக்குமேல் வேலை. முப்பிடாதி தரையிலிருந்த சாப்பாட்டுப் பையை எடுத்து ஜன்னலில் வைத்தாள், சேலையை ஒரு சாண் தூக்கிச் செருகினாள், அடுத்த வரியை அடித்தாள். தலையாரி கொம்பையா, கூரை ஒழுகினால் வைக்கிற அதே பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். வாளி நிறைந்து வழிந்ததும், "இது வாளிக்கு அடங்காது தாயி" என்று சொல்லிவிட்டு, வாரியலை எடுத்துத் தண்ணீரைத் தெருப்பக்கம் தள்ளிவிட ஆரம்பித்தார்.

அவள் வேலை பார்த்த கம்ப்யூட்டர் பாஷைக்கு ஒரே எழுத்துதான் பேர், சி. அதில் கோப்புக்குள் நேரே கையை விட முடியாது. எஃப்ஓப்பன் என்று சொல்லித் திறக்க வேண்டும், திறந்தால் அது ஓடையாக வரும், புத்தகத்திலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. எதற்குத் திறக்கிறோம் என்பதையும் கூடவே ஒரு எழுத்தில் சொல்லிவிட வேண்டும். சும்மா படிக்க என்றால் ஆர். இருப்பதைத் தொடாமல் கடைசியில் சேர்க்க என்றால் ஏ. வேலை முடிந்ததும் எஃப்குளோஸ் சொல்லி மூட வேண்டும், மூடாதவரைக்கும் எழுதியது எழுதினதாகவே ஆகாது, நடுவழியில் ஒரு தொட்டியில்தான் தேங்கிக் கிடக்கும், கரண்ட் போனால் அதுவும் போச்சு. டபிள்யூ என்று இன்னொரு எழுத்தும் உண்டு. அதை அந்தக் கோப்பின் மேல் முப்பிடாதி ஒருநாளும் பிரயோகித்ததில்லை, ஏன் என்று ஒருத்தருக்கும் சொல்லவுமில்லை. இந்தக் கதை முழுக்க அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

திறந்த கோப்பு என்ன கோப்பு என்றால், சர்வே நம்பர் 212, ஓடை புறம்போக்கு. அதாவது ஓடைக்கென்று சர்க்கார் ஒதுக்கிவைத்த நிலம். ஓடை வறண்டு நாற்பது வருஷமாகி, தடம்கூடத் தூர்ந்துபோய், அது எந்தப் பக்கம் போனது என்பதே ஊர்க்காரர்களுக்குச் சண்டை போட ஒரு விஷயமாக மட்டும் மிச்சமிருந்தது. பழைய பதிவேட்டைக் கரையான் தின்றது போக மீந்த வரிகள் பதினேழு. 'ஆபீஸ் மூலையிலிருந்து கிழக்கே நாலு சங்கிலி, பின் தெற்கே திரும்பி ஆறு சங்கிலி' என்று அளவுச் சங்கிலிக் கணக்கில் போகும் அந்தப் பதினேழு வரியையும் முப்பிடாதி பிழையில்லாமல் ஏற்றிவைத்திருந்தாள். தண்ணீரும் பிழையில்லாமல் அப்படியே போனது. கிழக்கே நாலு சங்கிலி போனது, தெற்கே திரும்பியது, தபால் ஆபீஸ் சுவரை உரசிக்கொண்டு, தேர்முட்டியைச் சுற்றி, பெட்ரோல் பங்க் வரைக்கும் போய், பதினேழாவது வரி முடிந்த இடத்தில் கத்தரித்த மாதிரி நின்றது. திரையில் ஈஓஎஃப், கோப்பு முடிந்தது. அவள் மூடினாள். தரை காய்ந்துவிட்டது.

அந்தப் பெட்ரோல் பங்கிலிருந்து கூப்பிடு தூரம்தான் கீழத்தெரு. முப்பிடாதி பிறந்து வளர்ந்து இன்னமும் குடியிருக்கிற தெரு. ஊரெல்லாம் குழாய் போட்ட வருஷம் கீழத்தெருவுக்கு மட்டும் குழாய் 'வந்துக்கிட்டிருக்கு', இன்றைக்கும் வந்துகொண்டேதான் இருக்கிறது. அந்தத் தெருப் பெண்கள் விடியக்காலம் எழுந்து ஒன்றரை மைல் நடந்து அடிபம்புக்குப் போய், நாலு குடம் பிடிப்பதற்குள் நாலு பேரிடம் பேச்சு வாங்கி வருவார்கள். தண்ணீர் பங்க் வரைக்கும் வந்து திரும்பிவிட்டது என்று கேள்விப்பட்டதும், கீழத்தெரு சிந்தாமணி இடுப்பில் குடத்தோடு தாலுகா ஆபீஸுக்கு வந்து நின்றாள். முப்பிடாதியின் அண்ணன் பெண்டாட்டி, வாயில் விழுந்தால் கலெக்டரும் எழுந்திருக்க முடியாது.

"ஏளா முப்பிடாதி, ஊருக்கெல்லாம் ஓடை விடுத, சொந்தத் தெருவுக்கு வரும்போது மட்டும் ஒனக்குக் கை வலிக்குதாக்கும்?"

"நான் என்ன மதினி செய்ய? எழுதியிருக்கது அம்புட்டுத்தான். மிச்சத்தைக் கரையான் தின்னுட்டு."

"கரையான் தின்னா என்ன, நாம எழுத வேண்டியதுதானே? கரையானுக்கு இருக்குத தைரியம் நமக்கு இல்லையா?"

முப்பிடாதி சிரித்தாள். சிரித்துவிட்டு, ஏ போட்டுக் கோப்பைத் திறந்தாள்.

அதன் பிறகு வேப்பங்கரிசல் அந்த ஓடையோடு குடித்தனம் நடத்தப் பழகிய அழகு இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வேண்டும். சர்க்கார் ஓடை ஆனதால் அது காலை பத்து மணிக்கு ஓடும், சாப்பாட்டு நேரத்தில் நிற்கும், ஐந்தே முக்காலுக்கு மூடப்படும், ரெண்டாம் சனிக்கிழமை லீவு. தேர்முட்டியில் துணி துவைப்பவர்கள் ஒன்றேகால் மணிக்கு சோப்புப் போட்ட துணியை அலசாமல் வைத்துக்கொண்டு ஆபரேட்டர் சாப்பிட்டு முடிக்கக் காத்திருந்தார்கள், "இன்னைக்கு என்ன குழம்பு, சீக்கிரம் சாப்பிடச் சொல்லுங்களேன்" என்று தலையாரியிடம் ஆள் அனுப்பினார்கள். தண்ணீர் வருகிற வழியில் சைக்கிளை நிறுத்துகிறவர்களை நடத்துநர் முதல் நாயனக்காரர் வரைக்கும் திட்டினார்கள். கம்ப்யூட்டருக்கு ஒரு வெள்ளிக்கிழமை மஞ்சளும் குங்குமமும் வந்து சேர்ந்தது. கோப்பு திறக்கவில்லை என்றால் இயந்திரம் ஓடைக்குப் பதிலாக நல் என்று ஒரு வெறுமையைக் கொடுக்கும் என்பதை முப்பிடாதி ஒருதரம் விளக்கிச் சொல்லப்போக, கூப்பிட்ட குரலுக்குப் பதில் தராத புருஷன்மாரை எல்லாம் பெண்கள், "அதுகிட்ட என்ன கேட்டாலும் நல்லுதான் வரும்" என்று சொல்லிச் சிரித்தார்கள். ஓடையில் கால் வைக்குமுன் 'நல்லா, ஓடையா' என்று பார்த்துவிட்டு வைக்க ஊரே பழகிக்கொண்டது, பார்க்காமல் வைத்த ஜவுளிக்கடைக்காரர் மட்டும் வெறுந்தரையில் விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டார்.

சாயங்காலம் நாலிலிருந்து ஐந்தே முக்கால் வரை எழுதுகிற நேரம். ஓடை அடுத்து எங்கே போனது என்று தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும், முப்பிடாதி கடைசி வரிக்குப் பின்னால் சேர்ப்பாள். மறுநாள் காலையில் திறந்தால் வரி உண்மையா பொய்யா என்று தண்ணீரே சொல்லிவிடும். உண்மை என்றால் அந்த வழியில் போகும். பொய் என்றால் நுரை தள்ளிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று, சோற்றில் கல்லைக் கடித்தவன் துப்புவது மாதிரி அந்த வரியைத் துப்பிவிட்டு அடுத்ததற்குப் போகும். பால் சங்கத் தலைவர் அருணகிரி, ஓடை தன் தென்னந்தோப்புக்குள் போய்த் தோப்புக்குள்ளேயே முடிந்ததாகச் சத்தியம் பண்ணி எழுதவைத்தார். மறுநாள் தோப்பு வாசலில் ஒரு ஆள் உயரத்துக்கு நுரை நின்றது. பிள்ளைகள் ரெண்டு நாள் அதை அள்ளி விளையாடினார்கள். தலைவர் ஒரு வாரம் வெளியூர் போய்விட்டார்.

இந்த ஊர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் அவர்களையெல்லாம் ஒரு தட்டில் வைத்து முப்பிடாதியை மட்டும் மறுதட்டில் வைத்தாலும் அவள் பக்கம்தான் தாழும். எத்தனை பேர் எத்தனை விதமாகக் கத்தினாலும், ஒரு வரி முடிந்தபின் ஒரு வரியாக, முகம் கோணாமல், ஒரு புள்ளி பிசகாமல் அவள் எழுதிய பாங்கைப் பார்த்து, டைப் அடித்தே கிழடாகிப்போன ஹெட்கிளார்க்கு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். திறந்த எதையும் அவள் மூடாமல் எழுந்ததில்லை. வைகாசி பிறந்தபோது பதினேழாக இருந்த வரி நூற்றுப் பன்னிரண்டு ஆகியிருந்தது, ஓடை வளைந்து வளைந்து பங்கைத் தாண்டி, ரயில்வே கேட்டைத் தாண்டி, கீழத்தெரு முனைக்கு ஒரு கல்லெறி தூரத்தில் வந்து நின்றது.

அப்போதுதான் ஜமாபந்தி தேதி வந்தது. வருஷத்துக்கொரு தரம் பெரிய அதிகாரி வந்து உட்கார்ந்து ஊர் நிலப் பதிவையெல்லாம் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிற நாள். அன்றைக்குக் கோப்பில் எதுவரைக்கும் ஓடையோ அதுவரைக்கும்தான் ஓடை. மிச்சமெல்லாம் தரிசு. கீழத்தெரு முனையிலிருக்கிற தரிசில் கல்யாண மண்டபம் கட்ட அருணகிரியின் சங்கம் மனு போட்டுத் தயாராக வைத்திருந்தது. மண்டபம் வந்துவிட்டால் அந்த வழியை அடைத்துக்கொள்ளும், அப்புறம் கீழத்தெருவுக்கு ஓடை என்பது பேச்சோடு போக வேண்டியதுதான். இன்னும் பத்துப் பதினைந்து வரி எழுதினால் போதும், ஆனால் ஜமாபந்திக்கு முந்தின நாள் பார்த்து முப்பிடாதியை மாவட்டத் தலைநகருக்குப் பயிற்சி என்று கூப்பிட்டுவிட்டார்கள். மறுநாள் மத்தியானத்துக்குள் வந்துவிடுவதாகச் சொல்லி, கம்ப்யூட்டர் அறைச் சாவியைக் கொம்பையாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஜமாபந்தியன்று காலையில் கீழத்தெருப் பெண்கள் கொம்பையாவைச் சூழ்ந்துகொண்டார்கள். "அண்ணாச்சி, அதிகாரி வாரதுக்குள்ள தண்ணி கொஞ்சம் வேகமா வந்தா எங்க முனையைத் தொட்டுருமே, நீங்க தொறந்து விடப்படாதா?" என்று கெஞ்சினார்கள். கொம்பையா ரெண்டு மாசமாக முப்பிடாதியின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தவர். எந்தச் சாவியைத் தட்ட வேண்டும் என்று மனுஷனுக்கு அத்துப்படி. அவருக்கு ஒரே ஒரு சந்தேகம் வெகுநாளாக உண்டு. ஊர்த் தண்ணீர்த்தொட்டியில், பெரிய வால்வு அத்தனையிலும் நீலப் பெயிண்டில் டபிள்யூ என்று போட்டிருக்கும். டபிள்யூ என்றால் வாட்டர், இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியிருக்க இந்தப் பிள்ளை ஏன் ஆர், ஏ என்று சின்னச் சின்னக் குழாயாகவே திறந்துகொண்டிருக்கிறது? பெரிய வால்வைத் திறக்கப் பயம்போல. கொம்பையா சாமியைக் கும்பிட்டுவிட்டு, ஆர் இருந்த இடத்தில் டபிள்யூவைப் போட்டு, தட்டிவிட்டார்.

டபிள்யூ என்றால் வாட்டர் இல்லை. டபிள்யூ என்றால் புதிதாக எழுதப் போகிறேன் என்று அர்த்தம், பழசு முழுக்க வேண்டாம் என்று அர்த்தம். சொன்ன மாத்திரத்தில் இயந்திரம் நூற்றுப் பன்னிரண்டு வரியையும் துடைத்து வெறும் கோப்பாக்கி, உத்தரவுக்குக் காத்து நின்றது. ஒரு சொட்டு வரவில்லை.

பன்னிரண்டரை பஸ்ஸில் முப்பிடாதி வந்து இறங்கியபோது, ஆபீஸ் படியில் கொம்பையா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது மனுஷன், நாலு பேர் பார்க்கிறார்களே என்ற வெட்கம்கூட இல்லாமல் தேம்பினார்.

"வாட்டருக்குத்தானே தாயி டபிள்யூ? வாட்டருக்குத்தானே?"

முப்பிடாதி ஓடிப்போய்த் திரையைப் பார்த்தாள், மாற்றாக வைத்திருந்த பிளாப்பியைப் போட்டுப் பார்த்தாள், அதில் பூஞ்சை பிடித்து ஒரு வரிகூடப் படிக்கவில்லை. பாவி மனுஷன் என்று ஒரு சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஆனால் சொல்லியிருக்க வேண்டியவள் தான்தானே, ஒரே ஒரு தரம் சொல்லியிருந்தால் போதுமே என்று நினைத்ததும் அந்தச் சொல் இறங்கிப்போனது. மறுபடி திரையைப் பார்த்தாள். கோப்பு இன்னும் திறந்துதான் கிடந்தது, மினுக்கு மினுக்கென்று முதல் வரியைக் கேட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, அழுதது போதும். வந்து உக்காருங்க. முதல் வரி என்ன?"

"எனக்கென்ன தாயி தெரியும்? நான் நாலு இங்கிலீசு எழுத்துக்குமேல படிக்கத் தெரியாதவன்லா."

"தெனமும் வாரியலை எடுத்துக்கிட்டு தண்ணிக்கு முன்னால நடந்தது யாரு? நீங்கதானே? கண்ணை மூடிக்கிட்டு நடங்க. வாயால நடங்க."

கொம்பையா கண்ணை மூடினார். முதலில் உதடு மட்டும் அசைந்தது. பிறகு, ஆபீஸ் மூலை, கிழக்கே நாலு சங்கிலி, அங்கே ஒரு கருங்கல், அதைச் சுற்றித் தெற்கே ஆறு, தபால் ஆபீஸ் சுவரில் ஒரு சாண் விட்டு, சாக்கடைப் பாலத்துக்கு மேலே கொஞ்சம் மெதுவாக என்று, குப்பையும் கல்லும் ஒதுக்கி ஒதுக்கி ரெண்டு மாசம் தண்ணீருக்கு வழிவிட்ட அந்தக் கால் அறிந்ததையெல்லாம் வாய் சொல்லச் சொல்ல, கரையான் தின்னாமல் விட்ட பதினேழு வரியும் ஒரு சங்கிலி குறையாமல் வந்து விழுந்தது. ஹெட்கிளார்க்கு எழுந்து நின்றுவிட்டார். பதினெட்டாவது வரியிலிருந்து ஊர் வந்தது. அவரவர் சொன்ன வரி அவரவருக்கு மனப்பாடம், ரெண்டு மாசமாக அதை வைத்துத்தானே சண்டை போட்டார்கள்! தேர்முட்டிக்காரர் வந்தார், பங்க்கில் பெட்ரோல் போடுகிறவர் வந்தார், ரயில்வே கேட்கீப்பர் பச்சைக்கொடியோடு வந்து தன் மூன்று வரியைச் சொல்லிவிட்டு மதுரை வண்டிக்கு ஓடினார், முழங்கையில் கட்டோடு ஜவுளிக்கடைக்காரரும் வந்தார். அருணகிரியின் வரியை மட்டும் யாரும் சொல்லவில்லை.

மணி மூன்றே முக்கால். அன்றைக்கு நாலிலிருந்து ஆறு வரைக்கும் கரண்ட் இருக்காது என்று முன்பே சொல்லியிருந்தார்கள், அதற்குமுன் மூடாவிட்டால் சொன்னது அத்தனையும் தொட்டியோடு போய்விடும். நூற்றுப் பதினொன்றாவது வரி முடிந்து, கீழத்தெரு வரிகள் ஆரம்பித்தன. சிந்தாமணி இடுப்புக் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல நின்றாள். முனை வேம்பு, மேலவீட்டுச் சுவர், தன் வீட்டு வாசல், பால்வாடிப் பள்ளிக்கூடம் என்று மளமளவென்று சொல்லி, தெருவின் கடைசி வீட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டாள். அதற்கப்பால் ஓடை எங்கே போனது என்று கீழத்தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. தண்ணீர் அந்தத் தெருப்பக்கம் எட்டிப் பார்த்து எத்தனை காலமோ.

"மணி ஆவுது மதினி. நம்ம தெருவோட முடிஞ்சுதுன்னு போட்டு மூடிரவா? நம்மளுக்கு அது போதும்லா?"

கூடியிருந்த கீழத்தெருப் பெண்கள் எல்லாரும், "போடு, போடு, நம்ம தெருவுலயே நிக்கட்டும், குளமாக் கெடக்கட்டும்" என்றார்கள். எத்தனை வருஷத்து நடை! அவர்கள் அப்படிக் கேட்டதில் ஒரு குற்றமும் கிடையாது. சிந்தாமணி மட்டும் யோசித்தாள். கடிகாரத்தில் ஐந்து நிமிஷம், நாலு நிமிஷம் என்று குறைந்துகொண்டே வந்தது. முப்பிடாதி கைவிரல்களைச் சாவிகளின்மேல் வைத்தபடி அண்ணன் பெண்டாட்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிக்கச் சொல்லாத" என்றாள் சிந்தாமணி. "போகச் சொல்லு. அங்கிட்டும் பொம்பளைங்க கொடத்தைத் தூக்கிக்கிட்டு நடந்துக்கிட்டுத்தானே இருப்பாளுவ?"

முப்பிடாதி 'பின் கிழக்கே, போகும் தூரம்' என்று கடைசி வரியை அடித்தாள். எஃப்குளோஸ் அடித்தாள். இயந்திரம் கறகறவென்று அரைத்து எழுதி ஓய்ந்தது. மின்விசிறி நின்றது, திரை அணைந்தது, மணி நாலு.

அதிகாரி வர ஐந்தாகிவிட்டது. நல்ல மனுஷர், ஆனால் வெயிலில் அலைந்து எரிச்சலாக இருந்தார். சர்வே நம்பர் 212 என்றதும், "ஓடையா? எங்கம்மா ஓடை? தொறந்து காட்டுங்க" என்றார்.

"கரண்ட் இல்லைங்க சார். ஆறு மணிக்கு வந்துரும்."

"ஆறு மணிக்கு நான் அடுத்த ஊர்ல இருக்கணும்மா. கண்ணால பாக்காத ஓடைக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போட?"

முப்பிடாதி நல்லதனமாகச் சொல்லிப் பார்த்தாள், கொம்பையா காலில் விழப்போனார், அதிகாரி அவரைத் தடுத்துத் தூக்கிவிட்டார். அருணகிரி மண்டப மனுவைப் பணிவாக எடுத்து மேஜைமேல் வைத்தார். அதிகாரி பேனாவைத் திறந்து, தரிசு என்று எழுத 'த' போட்டார்.

அந்த நேரத்தில் முன்பின் தெரியாத மூன்று பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். வேகமாக நடந்துவந்ததில் மூச்சு வாங்கியது. மூன்று பேர் சேலையும் முழங்கால்வரைக்கும் நனைந்து, படியெல்லாம் ஈரம் சொட்டியது. கிழக்கே முக்கால் மைலில் இருக்கிற செங்கமடை என்ற ஊர்க்காரர்கள், தாலுகா ஆபீஸ் வாசலையே அன்றைக்குத்தான் மிதிக்கிறார்கள். மூத்தவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஐயா, எங்க ஊருக்குள்ள ஒரு ஓடை வந்துருக்கு. நாலு மணிக்குமேல வந்துச்சு. மீனெல்லாம் கெடக்கு. யாரு அனுப்புனதுன்னு தெரியல, திருப்பிக் கேப்பாவளோன்னு பயமா இருக்கு. தயவுபண்ணி எங்க ஊருப் பேருலயும் அதை எழுதிக்கிடணும்."

கரண்ட் இல்லாமல், கோப்பைத் திறக்க ஆளும் இல்லாமல் அது எப்படி ஓடியது என்று கேட்டால் முப்பிடாதிக்கே இன்றைக்குவரை பதில் தெரியாது. ஆபீஸ் பின்கதவு வழியாக ஓசைப்படாமல் போயிருக்கிறது, ஊரே உள்ளே நின்று அதிகாரிக்குக் காத்திருந்த பரபரப்பில் ஒருத்தரும் வெளியே பார்க்கவில்லை. அதிகாரி அந்தச் சேலைகளையும் படியிலிருந்த ஈரத்தையும் பார்த்தார், தாம் போட்ட 'த' வைப் பார்த்தார், அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் 'ஓடை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முடியும் இடம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டார்.

சிந்தாமணி செங்கமடைக்காரியின் சேலையை ஒருகையால் பிடித்து, ஈரத்தைக் கசக்கி முகர்ந்து பார்த்தாள்.

"ஏளா, கிழக்கேயா இருக்கு ஒங்க ஊரு?"

"ஆமா மதினி."

"அப்பம் எங்க தெரு வழியாத்தானே வந்துருக்கணும்?" என்றாள் சிந்தாமணி. பதிலுக்கு நிற்கவில்லை. குடத்தைக்கூட எடுக்காமல் கீழத்தெருவைப் பார்த்து ஓடினாள்.